ஐம்பது ஆண்டுப் பழைய ஃபாஸ்ட் லென்ஸுக்குப் புதிய உடல் எதற்கு?

இன்றைய டிஜிட்டல் சினிமா கேமராவுக்கு இருட்டு ஒரு பெரிய தடை அல்ல. சோனி வெனிஸ் கேமராவுக்கு 500, 2500 என்று இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) நிலைகள் இருக்கின்றன. இரண்டாவது நிலையில் வைத்தால், தெருவிளக்கின் வெளிச்சத்திலேயே மிதமான ஒளித்துளையில் ஒரு காட்சியை எடுத்துவிடலாம். இருந்தும், 1960களிலும் 1970களிலும் புகைப்படக் கேமராக்களுக்காகத் தயாரிக்கப்பட்ட எஃப் 1.2, எஃப் 1.4 ஃபாஸ்ட் லென்ஸ்களை, அதாவது அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸ்களை, தேடிப்பிடித்து, அவற்றின் பழைய உடலைக் கழற்றிவிட்டு, கண்ணாடிகளை மட்டும் சினிமாவுக்கு ஏற்ற புதிய உலோக உடலுக்குள் பொருத்தும் ரீஹவுசிங் வேலை, ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் ட்ரூ லென்ஸ் சர்வீசஸ், ஜெர்மனியின் மியூனிக் அருகே பி பிளஸ் எஸ் டெக்னிக், கலிஃபோர்னியாவில் ஸீரோ ஆப்டிக், சீனாவில் ஜிஎல் ஆப்டிக்ஸ், சோவியத் லென்ஸ்களுக்கென்றே உக்ரைனில் அயர்ன்கிளாஸ் என்று பல பட்டறைகள் இதைச் செய்கின்றன. ஒளி போதாமையைச் சமாளிக்கப் பிறந்த லென்ஸ்களுக்கு, ஒளிப் பஞ்சம் தீர்ந்துவிட்ட காலத்தில் ஏன் இவ்வளவு தேவை என்பதையும், உடலை மாற்றுவதால் எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்பதையும் இணைத்துப் பார்த்தால்தான் இந்தத் தொழில் புரியும்.

லென்ஸின் குவியத் தொலைவை அதன் ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். அது சிறிதாக இருக்க இருக்க லென்ஸ் கூடுதல் ஒளியை உள்ளே விடும், எஃப் 2.8-ஐ விட எஃப் 1.4 நான்கு மடங்கு ஒளியைத் தரும். சினிமாவில் இதற்கு மேல் டி எண் என்று ஒன்று உண்டு. எஃப் எண் வெறும் வடிவக் கணக்கு. டி எண் கண்ணாடிகள் விழுங்கும் ஒளியையும் கழித்துவிட்டு, உண்மையில் சென்சாரை அடையும் ஒளியைச் சொல்வது. எஃப் 1.2 லென்ஸ் ஒன்று தன்னுள் நுழையும் ஒளியில் 85 விழுக்காட்டை மட்டுமே கடத்துகிறது என்றால், அது டி 1.3 லென்ஸாகவே வேலை செய்யும். புகைப்பட லென்ஸின் வளையத்தில் பொறிக்கப்பட்டிருப்பது எஃப் எண் மட்டுமே. ஆகவே ரீஹவுசிங் செய்யும் பட்டறை ஒவ்வொரு லென்ஸையும் அளந்து டி எண்ணைப் புதிதாகப் பொறிக்க வேண்டியிருக்கிறது.

வேறொரு துறைக்காகச் செய்த அதிவேக லென்ஸைச் சினிமாவுக்கு இழுத்து வந்ததில் மிகப் புகழ்பெற்றது, 1975-இல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ படத்துக்காக ஸ்டான்லி கூப்ரிக் செய்த முயற்சி. நாசாவின் விண்வெளித் திட்டத்துக்காக ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய 50 மி.மீ. எஃப் 0.7 பிளானர் லென்ஸ்களில் மூன்றை அவர் வாங்கினார். மெழுகுவத்திகளின் ஒளியில் மட்டுமே உள்ளறைக் காட்சிகளை எடுப்பது அவருடைய நோக்கம். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டின் கையில் இருந்தது 100 ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓ-வின் பழைய பெயர்) ஃபிலிம். அதையும் ஒரு ஸ்டாப் (ஒளியளவில் இரு மடங்கு) கூடுதலாகப் பதப்படுத்தி 200 ஆக்கித்தான் ஓட்டினார்கள். அந்த லென்ஸின் பின் கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் நிற்க வேண்டியிருந்ததால், சினிமா புராடக்ட்ஸ் நிறுவனத்தின் எட் டிஜூலியோ மிட்செல் பிஎன்சி கேமரா ஒன்றின் உட்புறத்தையே வெட்டித் திருத்தினார். திருத்திய பிறகு அந்தக் கேமராவில் வேறு லென்ஸ் எதையும் மாட்ட முடியாமல் போனது. நடிகர் முன்னே சாய்கிறாரா, பின்னே நகர்கிறாரா என்பதைக் கணிக்க, கேமராவுக்குச் செங்கோணத்தில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, அதன் திரையைப் பார்த்து ஃபோகஸை நகர்த்தினார்கள். அன்றைக்கு அந்த லென்ஸ் தேவைப்பட்டது ஒளிக்காக மட்டுமே. படம் மென்மையாகத் தெரிந்ததும், பின்னணி கரைந்ததும் அதற்காகக் கொடுத்த விலை.

இன்று நிலைமை தலைகீழ். அந்த விலையைத்தான் ஒளிப்பதிவாளர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது பலரும் பேசுவது: புதிய சென்சார்களும் புதிய லென்ஸ்களும் சேர்ந்து தரும் படம் விளிம்பு வரை ஒரே சீராகக் கூர்மையாக இருப்பதால், முகத்தின் ஒவ்வொரு துளையும் தெரிகிறது, அதை மட்டுப்படுத்தப் பழைய கண்ணாடி உதவுகிறது. இரண்டாவது காரணம் அளவு சார்ந்தது, அதைப் போதிய அளவு யாரும் சொல்வதில்லை. நெடுங்காலமாகச் சினிமாவின் அடிப்படைச் சட்டகம் ஏறத்தாழ 25 மி.மீ. அகலமும் 19 மி.மீ. உயரமும் கொண்ட சூப்பர் 35. பழைய சினிமா லென்ஸ்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டகத்தை மூடுவதற்கே செய்யப்பட்டவை. 2018 வாக்கில் சோனி வெனிஸ், ஆரி அலெக்ஸா எல்எஃப் போன்ற கேமராக்கள் வந்து, சென்சார் 36 மி.மீ. அகலத்துக்குப் பெருத்தபோது, அந்தப் பழைய சினிமா லென்ஸ்களில் பலவற்றின் ஓரங்கள் இருண்டன. ஆனால் 36-க்கு 24 மி.மீ. என்பது புகைப்படக்காரர்களின் வழக்கமான சட்டகம். 1970களின் புகைப்பட லென்ஸ்கள் அதை மூடுவதற்கென்றே பிறந்தவை. பழைய தோற்றமும் வேண்டும், பெரிய சென்சாரும் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்த லென்ஸ்களே கைக்கு எட்டிய விடை.

கேனன் கே 35 லென்ஸ் வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1970களில் சினிமாவுக்காக வந்த அந்த வரிசையில் 18, 24, 35, 55, 85 மி.மீ. என்று ஐந்தே குவியத் தொலைவுகள். அவற்றின் ஒளியியல் அமைப்பு, அதே நிறுவனத்தின் எஃப்டி புகைப்பட லென்ஸ்களோடு நெருங்கிய உறவுடையது. 1971-இல் வந்த எஃப்டி 55 மி.மீ. எஃப் 1.2, 1975-இல் வந்த 24 மி.மீ. எஃப் 1.4, அடுத்து வந்த 85 மி.மீ. எஃப் 1.2 ஆகியவற்றில் கோள வடிவமற்ற பரப்புகள் பயன்படுத்தப்பட்டன. அந்த நாளில் அத்தகைய பரப்பைத் தேய்த்தெடுப்பது மிகக் கடினமான, செலவு மிகுந்த வேலை. கே 35 தொகுப்புகள் எண்ணிக்கையில் குறைவு, வாடகையும் விலையும் மிக அதிகம். எனவே அவற்றின் உறவினர்களான எஃப்டி லென்ஸ்களைச் சேர்த்து ரீஹவுசிங் செய்து தொகுப்பாக்கும் வழக்கம் பரவியது. புகைப்பட வரிசையில் குவியத் தொலைவுகள் ஏராளம் என்பதால், கே 35-இல் இல்லாத இடங்களையும் நிரப்பிக்கொள்ள முடிந்தது.

இனி அந்தத் தோற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். கோளப் பரப்புள்ள கண்ணாடியின் நடுவில் நுழையும் கதிர்களும் விளிம்பில் நுழையும் கதிர்களும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. இதைக் கோளப் பிறழ்ச்சி என்கிறோம். ஒளித்துளை அகல அகல விளிம்புக் கதிர்களின் பங்கு கூடுவதால் இந்தப் பிறழ்ச்சி வேகமாக வளர்கிறது. விளைவாக, கூர்மையான பிம்பம் ஒன்றும் அதன்மேல் மெல்லிய ஒளிப்படலம் ஒன்றும் சேர்ந்து பதிகின்றன: கண் இமை தெளிவாக இருக்கும், தோலின் மேல் ஒரு மினுமினுப்பு படரும். இதே லென்ஸை எஃப் 2.8-க்கு மூடினால் விளிம்புக் கதிர்கள் வெட்டப்பட்டு, படலம் பெருமளவு மறைந்துவிடும். முன்னால் மாட்டும், படத்தை மென்மையாக்கும் டிஃப்யூஷன் ஃபில்டரால் இதை அப்படியே பெற முடியாது என்று நான் உறுதியாகக் கருதுவதற்குக் காரணம் இதுதான். ஃபில்டர் சட்டகம் முழுவதையும் ஒரே மாதிரி மழுக்குகிறது. பழைய லென்ஸின் பிறழ்ச்சியோ பொருள் ஃபோகஸிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, சட்டகத்தின் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா, ஒளித்துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பவற்றுக்கு ஏற்ப இடத்துக்கு இடம் மாறுகிறது.

கண்ணாடிப் பூச்சும் இதில் சேரும். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஃபாஸ்ட் லென்ஸில் பரப்புகள் அதிகம். பல அடுக்குப் பூச்சு பரவலாகாத காலத்து லென்ஸுக்குள் இந்த ஒளி அங்கும் இங்கும் எதிரொளித்து நிழல்களைச் சற்றே வெளுப்பாக்கும். சன்னலுக்கு எதிராக நிற்கும் ஒருவரின் இருண்ட உடை முழுக் கறுப்பாக விழாது. சோவியத் ஒன்றியத்தின் ஹேலியோஸ் 44 வரிசையில் (58 மி.மீ. எஃப் 2, ஸைஸ் பயோட்டார் லென்ஸின் வழிவந்தது) பின்னணி இலைகள் சட்டகத்தின் நடுவைச் சுற்றிச் சுழல்வதுபோலத் தோன்றும். லென்ஸின் குழாய் விளிம்பு ஓரக் கதிர்களை வெட்டுவதால் மங்கல் வட்டங்கள் பூனைக்கண் வடிவம் பெறுவதும், ஓரங்களில் மீதமிருக்கும் பிறழ்ச்சிகளும் அதற்குக் காரணம்.

இவை எல்லாம் கண்ணாடியின் குணங்கள். ரீஹவுசிங் இவற்றில் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதும் இல்லை. அப்படியானால் அத்தனை பணம் எதற்குப் போகிறது? எந்திர நுட்பத்துக்கு. எண்களைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

பெரிய சென்சாரில் 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸை முழுதாகத் திறந்து, 2 மீட்டர் தொலைவில் ஒருவரை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ 10 செ.மீ. அதே தொலைவில் 85 மி.மீ. எஃப் 1.2 என்றால் அது ஏறத்தாழ 3 செ.மீ. ஒரு கண் தெளிவாக இருக்கும்போது மறு கண் மங்கிவிடும். இந்த 50 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து 2 மீட்டருக்கு ஃபோகஸ் மாறுவதற்குக் கண்ணாடித் தொகுதி மொத்தமாக நகர வேண்டியதே ஏறக்குறைய 1.3 மி.மீ. தான். அதில் 0.03 மி.மீ. பிசகினால், 2 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் ஏறத்தாழ 5 செ.மீ. தள்ளிப்போகும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அசைவு, ஒரு குளோசப்பை மொத்தமாக வீணாக்கப் போதுமானது.

புகைப்பட லென்ஸின் உடல் இந்தத் துல்லியத்துக்காகக் கட்டப்படவில்லை. அதன் ஃபோகஸ் வளையம் பெரும்பாலும் அரைச் சுற்றோ அதற்கும் குறைவாகவோதான் சுழலும், ஏனெனில் புகைப்படக்காரர் வ்யூஃபைண்டரில் பார்த்து விரைவாகத் திருப்பி நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பது கிரீஸ் தடவிய திருகு மரை. ஐம்பது ஆண்டில் கிரீஸ் உலர்ந்து, மரை தேய்ந்து, வளையத்தைத் திசைமாற்றித் திருப்பும்போது கண்ணாடி உடனே நகராமல் ஒரு சிறு தளர்வு வந்துவிடும். புகைப்படத்தில் இது ஒரு குறையே அல்ல. சினிமாவிலோ ஃபோகஸை இயக்கும் உதவியாளரான ஃபோகஸ் புல்லர், நடிகர் நடந்து வந்து நின்று திரும்பிப் போகும் ஒரே ஷாட்டில், தரையில் குறித்த இடங்களுக்கு ஏற்ப வளையத்தின் குறிகளை முன்னும் பின்னும் தொட்டாக வேண்டும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதே குறி அதே தொலைவைக் காட்ட வேண்டும்.

ஆகவே புதிய உடலில் வளையம் முக்கால் சுற்றுக்கும் மேல் சுழலும்படி அமைக்கிறார்கள். உடலும் பருமனாவதால், குறிகளுக்கிடையே உள்ள இடைவெளி பல மடங்கு விரிகிறது. மரைக்குப் பதிலாகப் பல பட்டறைகள் கேம் அமைப்பைப் பயன்படுத்துகின்றன. சாய்வாக வெட்டிய ஒரு தடத்தில் உருளை ஓடிக் கண்ணாடித் தொகுதியை நேர்கோட்டில் நகர்த்துவது அதன் வழி. தடத்தின் வளைவைத் தேவைக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம் என்பதால், மரையில் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும் 3 மீட்டர், 5 மீட்டர், 10 மீட்டர் குறிகளையும் தாராளமாகப் பிரித்து வைக்க முடிகிறது. கேனன் எஃப்டி 24 எஃப் 1.4, 85 எஃப் 1.2 போன்ற லென்ஸ்களில் ஃபோகஸ் மாறும்போது கண்ணாடித் தொகுதிகளுக்கிடையே உள்ள இடைவெளியும் சேர்ந்து மாறும்; அருகில் உள்ள பொருளின் கூர்மையைக் காக்க வடிவமைப்பாளர்கள் செய்த ஏற்பாடு அது. அந்த இரட்டை நகர்வைப் புதிய உடலிலும் பிசகாமல் கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. இதைச் சரியாகச் செய்யாத மலிவான ரீஹவுசிங், அசல் உடலில் இருந்ததைவிட மோசமான படத்தைத் தரக்கூடும்.

மற்றவை பார்த்தவுடன் தெரியும் வசதிகள். தொகுப்பின் எல்லா லென்ஸ்களிலும் பற்சக்கரம் ஒரே இடத்தில் இருக்கும், முன் விட்டம் ஒன்றாக இருக்கும். லென்ஸை மாற்றும்போது வளையத்தைச் சுழற்றும் மோட்டாரையும், லென்ஸின் முன் மாட்டும் ஒளி மறைப்பான மேட் பாக்ஸையும் நகர்த்த வேண்டியதில்லை. ஒளித்துளை வளையம் ‘கிளிக்’ இல்லாமல் வழுக்கிச் செல்லும். நிக்கான் லென்ஸ்கள் சினிமா வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுழல்பவை என்பதால், அந்தத் திசையும் திருத்தப்படும்.

லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வாயான மவுண்ட் பற்றிய கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். மவுண்டின் முகத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம், சினிமாவில் வழக்கமான பிஎல் மவுண்ட் கேமராக்களில் 52 மி.மீ. கேனன் எஃப்டி லென்ஸ் எதிர்பார்ப்பதோ 42 மி.மீ., நிக்கான் 46.5 மி.மீ., லைக்கா ஆர் 47 மி.மீ. வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு லென்ஸின் பின்பகுதி கேமராவுக்குள் புக வேண்டும். 5 மி.மீ. என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம், 10 மி.மீ. என்றால் லென்ஸுக்கு லென்ஸ் பார்க்க வேண்டும், சுழலும் ஆடி (மிரர்) ஷட்டர் உள்ள ஃபிலிம் கேமராவில் அது அந்த ஆடியையே இடித்துவிடலாம். ஆரியின் புதிய எல்பிஎல் மவுண்டின் தூரம் 44 மி.மீ., வாயும் அகலம். எஃப்டி குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. 1961-இல் வந்த கேனன் 50 மி.மீ. எஃப் 0.95, லைக்கா நாக்டிலக்ஸ் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் (உள்ளே ஆடி இல்லாத புகைப்படக் கேமரா) லென்ஸ்கள் 28 மி.மீ. அளவிலேயே நிற்பவை. பிஎல் மவுண்டில் அவற்றுக்கு இடமே இல்லை. பிஎல் வளையத்தைக் கழற்றினால் 18 மி.மீ. தூரமுள்ள இ மவுண்ட் வெளிப்படும் சோனி வெனிஸ் போன்ற கேமராக்கள் வந்த பிறகே அந்த லென்ஸ்கள் சினிமாவுக்குள் உண்மையாக நுழைந்தன.

உடல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தீராத சிக்கல்கள் மூன்று உண்டு. ஃபோகஸை மாற்றும்போது சட்டகம் சுருங்கி விரியும் ‘பிரீதிங்’ அவற்றில் ஒன்று. கண்ணாடித் தொகுதி முழுவதும் நகரும் வடிவமைப்பிலேயே அது அடங்கியிருப்பதால் புதிய உடல் அதைக் குணப்படுத்தாது. இன்னொன்று, கோளப் பிறழ்ச்சி மிகுந்த லென்ஸில் ஒளித்துளையை மூடும்போது சிறந்த ஃபோகஸ் இருக்கும் தளமே சற்று நகர்ந்துவிடுவது. எஃப் 1.2-இல் பொறித்த குறி எஃப் 2.8-இல் துல்லியமாக இராது. எந்த ஒளித்துளையில் வைத்துக் குறிகளைப் பொறித்தார்கள் என்பதைப் பட்டறையிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது ஃபோகஸ் புல்லருக்குப் பேருதவி. மூன்றாவது சிக்கல் கேமராவின் பக்கம் இருக்கிறது. ஃபிலிமுக்கு முன்னால் கண்ணாடி எதுவும் இருந்ததில்லை. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலோ அகச்சிவப்பு வடிகட்டி, பாதுகாப்புக் கண்ணாடி என்று சில மில்லிமீட்டர் தடிமன் நிற்கிறது. பழைய வடிவமைப்பாளரின் கணக்கில் இல்லாத இந்தக் கண்ணாடி, அகன்ற ஒளித்துளையில் சட்டகத்தின் ஓரங்களை மேலும் கெடுக்கும். ஒரே லென்ஸ் இரண்டு கேமராக்களில் இரண்டு விதமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், படம் எடுக்கப்போகும் கேமராவிலேயே சோதித்துப் பார்க்காத சோதனைக்கு மதிப்பில்லை.

தொகுப்புச் சேர்ப்பதும் எளிதல்ல. புகைப்பட லென்ஸ்கள் பல ஆண்டுகள் தயாரிப்பில் இருந்தவை. இடையிடையே பூச்சும் கண்ணாடியும் மாறியிருக்கும், ஒன்றின் வெண்மை மற்றதில் மஞ்சளாக விழும். அக்காலத்துச் சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது நாளடைவில் பழுப்பேறும். புற ஊதா ஒளியில் பல நாள் வைத்தால் பெருமளவு தெளியும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இருந்த லென்ஸ் என்றால் பூஞ்சை பூச்சை அரித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ரீஹவுசிங்கின்போது ஒளித்துளையின் தகடுகளை மாற்றி எண்ணிக்கையைக் கூட்டுவதும் உண்டு. மங்கல் வட்டங்கள் உருண்டையாகும் என்பது உண்மையே. ஆனால் ஸைஸ் சூப்பர் ஸ்பீட் லென்ஸ்களின் முதல் வடிவங்களில் விளக்குகள் முக்கோணமாக மங்குவதற்காகவே இன்றும் அவற்றைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தகடுகளை மாற்றும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

கடைசியாக, முழுதாகத் திறந்து வைத்தே எல்லாவற்றையும் எடுக்கும் பழக்கம் பற்றி. ஐஎஸ்ஓ 800-இல், வழக்கமான ஷட்டர் வேகத்தில், உச்சி வெயிலில் டி 1.4 வைக்க வேண்டுமானால் ஏறத்தாழ 11 ஸ்டாப் ஒளியைத் தடுக்க வேண்டும். வெனிஸ் கேமராவுக்குள் இருக்கும் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடி) 8 ஸ்டாப்பில் முடிந்துவிடும். மீதிக்கு வெளியே கண்ணாடி மாட்டினால், அகச்சிவப்புக் கசிவால் கறுப்பு உடைகள் செம்மை பாய்ந்து தெரியாதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை பாடுபட்டு எடுத்த வைட் ஷாட்டில் இடமும் தெரியாது, சூழலும் தெரியாது. என் பார்வையில் இந்த லென்ஸ்களின் பெரும் பயன், ஒரே கண்ணாடிக்குள் இரண்டு சுபாவங்கள் இருப்பதுதான். டி 2.8-இல் அடக்கமான, ஏறக்குறைய நவீனமான படம், டி 1.4-க்குத் திறந்தால் நெகிழ்ந்து ஒளிரும் படம். ஒரு காட்சியை டி 2.8-இல் நடத்திக்கொண்டுபோய், பாத்திரத்தின் மனம் உடையும் ஒரு குளோசப்புக்கு மட்டும் திறந்தால், பார்வையாளர் காரணம் அறியாமலே அந்த மாற்றத்தை உணர்வார். அந்த ஒரு குளோசப்பில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நடிகரின் கண்ணைப் பிடித்து வைத்திருப்பது ஃபோகஸ் புல்லரின் கை. அது நம்பியிருப்பது பட்டறையில் வெட்டிய தடத்தையும், அன்று காலை அதே கேமராவில், அதே ஒளித்துளையில், அளவு நாடா பிடித்துச் சரிபார்த்த குறிகளையும்.